ஆல்டர்பி காக்கை ஒழிப்புக் கழகத்தின் வெற்றி வரலாறு

காக்கையைச் சுடுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. கையில் துப்பாக்கி இருந்தால் எந்த மடையனும் சுட்டுவிடலாம். ஆனால் காக்கையைச் சுடுவதற்கு 'ஆயத்தமாவது' என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு கலையாக, ஒழுக்கமாக, ஏறக்குறைய ஓர் ஆட்சிமுறையாகவே வளர்த்து உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்க்காரர்களாகிய நாங்கள். அதிலும் குறிப்பாக ஆல்டர்பி கிராமம். அதிலும் குறிப்பாக எங்கள் கழகம். அதன் கௌரவச் செயலாளர் நான் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரும் சொல்வதாகக் காணோம்.

தலைவர் ஆம்ப்ரோஸ் ஃபென்டன் ஓய்வுபெற்ற வக்கீல். சட்டத்தில் கமாவும் முற்றுப்புள்ளியும் எங்கே இருக்கின்றன என்பதுவரை அவருக்கு அத்துப்படி. பொருளாளர் டெரெக் ஸ்டப்ஸ், குளியலறைச் சாமான் கடையை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, இனி என்ன வாங்குவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது காக்கை வேட்டைச் சாமான்களின் விலைப்பட்டியல் கண்ணில் பட்டு வாழ்வில் வெளிச்சம் கண்டவர். ஃப்ளாஸ்க்கும் பிஸ்கட் டப்பாவும் என் இலாகா. எங்கள் மூவரையும் ஒன்றுசேர்த்தது பயிர்மீது கொண்ட பற்று. காலை நேரத்தில் வீட்டுக்குள் காலில் இடறிக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று மூவரின் மனைவிமாரும் சொல்லிவிட்டது துணைக் காரணம் மட்டுமே.

தொண்டு செய்வதென்றால் தொண்டு செய்யப்பட ஒருவர் வேண்டுமல்லவா? மேவிஸ் கோல்டிங் கிடைத்தார். கணவர் காலமானபின், ஊர் நிலத்தையெல்லாம் வைத்திருக்கும் எஸ்டேட்டுக்குச் சொந்தமான குத்தகை நிலத்தில் தனியாகப் பட்டாணி பயிரிட்டு வந்தவர். முந்தைய ஆண்டு விளைச்சலை மழை கொண்டுபோயிருந்தது. இந்த ஆண்டும் பட்டாணி வராவிட்டால் குத்தகையைப் புதுப்பிக்க முடியாது என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிட்டார். குத்தகை போனால் அதோடு ஒட்டிய வீடும் போகும். இதை மேவிஸ் என்னிடம் தபாலாபீஸ் வரிசையில் நிற்கும்போது, "இந்தத் தடவையும் வரலன்னா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும்" என்று சொன்னார்.

எங்கள் ஊர்ப் பேச்சின் அழகே இதுதான். குறை சொல்வது எங்களிடம் கிடையாது. கால் முறிந்தவனை எப்படியிருக்கிறாய் என்று கேட்டால் "நேத்துக்கு இன்னிக்குத் தேவலாம்" என்பான். கூரை பற்றி எரிந்தால் "இன்னிக்குக் கொஞ்சம் வெக்கைதான்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கு மேல் பேசுகிறவர்களை நாங்கள் லண்டன்காரர்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

ஏப்ரலில் பட்டாணி முளைவிட்ட வாரத்தில் கழகம் களத்தில் இறங்கியது. வயல் நடுவே மேவிஸ் நட்டுவைத்திருந்த சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று, கணவரின் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கைகளை விரித்து நின்றது. ஆம்ப்ரோஸ் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"முதல்ல இதை எடுத்துடணும்மா."

"ஏன் சார்? இதைப் பாத்தா காக்கா கிட்ட வர்றதில்லையே."

"அதுதாம்மா சிக்கலே. வராத காக்காயை நாங்க எப்படிச் சுடறது?"

வக்கீல் சொல்கிறார், காலரில் இரும்பு போலக் கஞ்சி போட்டிருக்கிறார், மறுத்துப் பேசுவது மரியாதையில்லை. "அதுவும் சரிதான்" என்று மேவிஸ் பொம்மையைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். அவ்வப்போது வெடிச்சத்தம் போட்டுப் பறவைகளை விரட்டும் கேஸ் பீரங்கியையும் அன்றே நிறுத்திவைத்தார். எங்கள் 'செயல்முறைக்கு' அது இடைஞ்சல் என்று டெரெக் கருதினார்.

பிறகு நாங்கள் எழுப்பிய மறைவிடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். காக்கை கண்ணில் படாமல் நாங்கள் உட்கார, வயலோரத்து முள்வேலியில் சாய்த்து ஒரு மறைப்பு. ஹேசல் மரக் கழிகள் நட்டு, மேலே பச்சை வலை, வலைக்கு மேலே இலையும் தழையும். வாடிய தழையைக் காக்கை கண்டுபிடித்துவிடும் என்பதால் அன்றாடம் புதுத்தழை. முகம் வெளுப்பாகத் தெரியக்கூடாதென்று மூவரும் பச்சை வலைத்துணியால் முகத்திரை போட்டுக்கொண்டோம். பிஸ்கட்டை அதற்குள் கொண்டுபோவது சிரமம்தான். தொண்டு என்று வந்தபின் சிரமத்தைப் பார்க்க முடியுமா?

பொம்மைக் காக்கைகளோ கண்கொள்ளாக் காட்சி. பளபளக்கும் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் நிஜக் காக்கை மிரண்டுவிடும் என்பதால் வெல்வெட் போலப் பஞ்சுத்தூள் ஒட்டியவை. எல்லாம் காற்றை எதிர்த்து நிற்க வேண்டும். வரும் விருந்தாளிகள் இறங்க வசதியாக நடுவில் ஒரு காலியிடம். காவல் காக்கும் ஒரு பொம்மை உயரக் கழியின் உச்சியில். பேட்டரியில் ஓடும் ஒன்று தலையைக் குனிந்து குனிந்து தரையைக் கொத்தும். டெரெக் அதற்கு மட்டும் பெயர் வைத்திருந்தார். போதாததற்கு, 'இங்கே நல்ல சாப்பாடு' என்று காக்கை பாஷையில் கத்தும் ஒலிபெருக்கியும் உண்டு.

வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் நாள் காலையே காக்கைகள் வந்தன. மறுநாள் அவற்றின் உறவுக்காரர்கள் வந்தார்கள். வாரக் கடைசிக்குள் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு காக்கைகூட மிச்சமில்லை. எல்லாம் மேவிஸின் வயலில்தான். டெரெக் கண்கலங்கிவிட்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

இனி சுட வேண்டியதுதானே என்று சட்டம் அறியாதவர்கள் கேட்கலாம். எங்கள் நாட்டில் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு காக்கையைச் சுட்டுவிட முடியாது. பயிருக்குக் 'கடுமையான சேதம்' வருவதைத் தடுக்கத்தான் சுடலாம். கடுமையானதா இல்லையா என்பதை யார் சொல்வது? பயிரின் சொந்தக்காரர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஆம்ப்ரோஸின் தீர்ப்பு. ஆகவே தினமும் காலையில் மேவிஸ் வரப்பில் வரும்போது ஆம்ப்ரோஸ் மறைவிடத்தின் ஓட்டை வழியாக முகத்திரையை உயர்த்தி முறைப்படி விசாரிப்பார்.

"சேதம் எப்படிம்மா?"

"பரவால்ல சார். கொஞ்சம் தின்னுருக்கு."

ஆம்ப்ரோஸ் எங்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் என்றால் கடுமை ஆகாது. துப்பாக்கியைக் கீழே வைக்கவும்" என்பார். வைப்போம். நான் ஃப்ளாஸ்க்கைத் திறப்பேன்.

மறுநாள் மேவிஸின் பதில் "சமாளிக்கலாம்." அதற்கடுத்த நாள் "இதைவிட மோசமால்லாம் பாத்தாச்சு." கிழக்கு மூலையில் தரை வழுக்கையாகத் தெரிய ஆரம்பித்தபோது "குறை சொல்றதுக்கில்ல." சொல்லும்போது கையிலிருந்த தொப்பியை அவர் முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு கட்டுப்பாடான பெண்மணியைக் கழகம் பெற்றது பாக்கியம் என்று அன்றைய கூட்டத்தில் பாராட்டுத் தீர்மானம்கூட நிறைவேற்றினோம். முன்மொழிந்தவன் நான்.

இந்த அமைதியான ஏற்பாடு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நடந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை மேவிஸ் அதைக் கெடுத்தார்.

"சேதம் எப்படிம்மா?"

மேவிஸ் ஓட்டைக்கு நேரே வந்து நின்றார். "நல்லால்ல சார். பாதி வயல் போயிடுச்சு. மீதியும் போச்சுன்னா எனக்கு வீடு கிடையாது. தயவு பண்ணிச் சுடுங்க."

டெரெக்கின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. ஆல்டர்பியில் இப்படி ஒரு பேச்சை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒரு பெண்மணி குளிக்கிற அறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டாற்போல் மூவரும் வேறெங்கோ பார்த்தோம். முதலில் சுதாரித்தவர் தலைவர்தான்.

"இப்போ நீங்க ரொம்பக் கலங்கியிருக்கீங்க," என்றார் மிகவும் கனிவாக. "கலங்கின நேரத்துல சொல்றது சாட்சியம் ஆகாதும்மா. வீட்டுக்குப் போய் ஒரு கப் தேநீர் குடிங்க. நாளைக்கு நிதானமா இருக்கறப்ப திரும்பக் கேக்கறேன்."

மேவிஸ் எங்களைப் பார்த்தார். மூன்று பச்சை முகத்திரைகளில் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வரப்புக்கே வரவில்லை. நேரே வயலுக்குள் வந்தார். இரவு உடுப்பின் மேல் கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் வாணலி, மறு கையில் கரண்டி. டமடமவென்று அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, எங்கள் வெல்வெட் காக்கைகளைக் காலால் எற்றிக்கொண்டு ஓடினார். நிஜக் காக்கைகள் எல்லாம் ஒரே கருப்பாக எழும்பிப் பறந்துபோயின. வாரக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கூட்டம்.

"அம்மா, நீங்க குண்டு பாயற பாதையில நிக்கறீங்க," என்று ஆம்ப்ரோஸ் எச்சரித்தார். அந்தப் பாதையில் அதுவரை ஒரு குண்டும் பாயவில்லை என்பது வேறு விஷயம். பாதுகாப்பு விதி விதிதான்.

எஸ்டேட் மேனேஜர் காரை நிறுத்தியது சரியாக அந்த நேரத்தில்தான். அவருடைய நிலையில் யார் இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? ஒரு பக்கம் பாதி மொட்டையான வயலில் வாணலியோடு கூச்சல் போட்டு ஓடும் குத்தகைக்காரர். மறுபக்கம், முகத்திரையை நாகரிகமாக உயர்த்தி "காலை வணக்கம், தேநீர் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும் மூன்று கனவான்கள். அவர் மறைவிடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். கழியில் ஏறிநின்ற காவல் பொம்மையை ரசித்தார். இத்தனை காக்கை வரும் நிலம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று ஆம்ப்ரோஸ் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். தலை குனிந்து கொத்தும் பேட்டரிக் காக்கையைத் தானே ஒருமுறை இயக்கிப் பார்க்க ஆசைப்பட்டார்.

மேவிஸின் குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. எஸ்டேட் அந்த வயலை வேட்டைக்களமாகக் கழகத்துக்கே நிரந்தரமாகக் கொடுத்தது. மேவிஸ் பாத்திர பண்டங்களோடு பக்கத்து டவுனில் தங்கை வீட்டு மாடிக்குக் குடிபோனார். வண்டியில் ஏற்ற நாங்களும் ஒரு கை கொடுத்தோம், அலமாரி கனம்.

அடுத்த வசந்தம் எங்கள் வரலாற்றின் பொற்காலம். கழகத்தின் பொறுப்பில் உள்ள நிலத்தில் காக்கையால் பயிருக்கு ஏற்பட்ட சேதம்: அறவே இல்லை. பயிர் இல்லையே. ஆண்டுக் கூட்டத்தில் இதை நான் அறிவித்தபோது கைதட்டல் எழுந்தது. எந்த மாவட்டத்தில் எந்தக் கழகம் இப்படி ஒரு முழு வெற்றியைக் கண்டிருக்கிறது?

ஒரே ஒரு சின்னக் குறை. காக்கையும் வரவில்லை. பொம்மைகளைக் காற்றுக்கு எதிராக நிறுத்தினோம், ஒலிபெருக்கி தொண்டை வறளக் கத்தியது, புதுத்தழை தினமும் மாற்றினோம். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காலியான வயலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு பிஸ்கட்தான் தின்பது? கடைசியில் ஆம்ப்ரோஸ்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்: பட்டாணி வேண்டும். எங்கள் மூவருக்கும் பட்டாணியைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம். ஆகவே கழகம் ஒரு தூதுக்குழுவாகப் புறப்பட்டு டவுனுக்குப் போய், தங்கை வீட்டு மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டியது.

மேவிஸ் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தேநீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அதிலேயே எங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விஷயத்தை விளக்கினார். வயல் ஓரமாகக் கொஞ்சம் விதைத்துக் கொடுத்தால் போதும், கழகம் என்றும் நன்றி மறவாது என்றார். கடைசியாக, பொம்மைகளில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பட்டாணி இல்லாமல் இந்த வருஷம் காக்கைகள் ஏமாறவே மாட்டேன் என்கின்றன என்று வருத்தப்பட்டார்.

மேவிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"போன வருஷமும் காக்கா ஏமாறல சார்," என்றார். "வந்துச்சு, வயிறு நெறையத் தின்னுச்சு, உசுரோட போயிடுச்சு. அதை ஏமாத்தறதுக்குத்தான் பொம்மை வெச்சீங்க. என்னை ஏமாத்தறதுக்கு நீங்களே துப்பாக்கியோட வந்து உக்காந்தீங்க."