ஒரு சாண் நீட்டிய மேசை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும். கடைதான் சுகமாக இல்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது, இப்போதெல்லாம் மரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் யாரும் மரச்சாமான் வாங்குவதில்லை என்று சொல்லி, பலகையின் நுனியில் ஒரு கறுப்புச் சதுரத்தைச் சுட்டுப் பொறித்து அனுப்பும் மரவாடியைப் பிடித்துக் கொடுத்தீர்கள். செல்போனைக் காட்டினால் எந்தக் காடு, என்றைக்கு வெட்டியது, எங்கே அறுத்தது எல்லாம் வரும். நல்ல விஷயம். ஆனால் கிளம்பும்போது நம் தச்சரிடம், என்ன ஆனாலும் அந்தச் சதுரம் மட்டும் அழியக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனீர்களே, அன்றைக்குப் பிடித்தது சனி.

நூலகத்துக்கு நாற்பது தேக்கு மேசை வேண்டும், மரத்தின் பூர்வீகம் தெரிந்தாக வேண்டும் என்று நூலகர் அம்மா வந்தார். இரண்டு வருடமாக ஈ ஓட்டும் கடை, இந்த ஆர்டரும் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். மாதிரிக்கு ஒன்று செய்யச் சொன்னேன். செய்தார். மேலே நடுப்பலகை மட்டும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏனய்யா என்றால், எல்லாம் ஒரே மரத்துப் பலகையாம், ஒரு சதுரம் போதுமாம், அது அந்த நுனியில் இருக்கிறதாம், அறுத்தால் போய்விடுமாம். போகிறவர் வருகிறவர் இடுப்பில் இடிக்குமே என்றேன்.

"மாப்பிள்ளை இடுப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார்.

மேசையைப் பின்கட்டில் ஒளித்துவிட்டு, நுனியை அறுங்கள் என்று கத்தினேன். அடுத்த ஐந்து மேசைக்கு அறுத்தார். அறுத்த துண்டுகளை, கடையில் கிடந்த மற்ற மரங்களின் சதுரத் துண்டுகளோடு சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி, ஒன்றுகூட அழியவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே கொடுத்தார். எந்தத் துண்டு எந்த மேசையுடையது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாள் காலை அந்த அம்மா வருகிறார். நான் என்னதான் செய்வது? இதை என் மகளிடம் சொல்ல வேண்டாம். மேசைக்கு ஒன்றாக அடியில் ஒட்டுங்கள், எவர் குனிந்து பார்க்கப் போகிறார் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். தேக்கு மேசைக்கு, செல்போன் மாமரம் என்கிறது. பசைகூடக் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. பின்கட்டில் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், என் வார்த்தையை நம்புங்கள் என்றேன்.

"உங்களை நம்புறேங்க. ஆனா இந்த மரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாதே" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது மாப்பிள்ளை. முப்பது வருடமாக நான் நல்ல தேக்கு என்று விற்றதெல்லாம் மரவாடிக்காரர் வாயிலிருந்து கேட்டதை வைத்துத்தானே. நான்தான் ஒட்டச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கிளம்பிப் போய்விட்டார்.

ஆகவே இந்தச் சதுரமும் வேண்டாம், வட்டமும் வேண்டாம். மரவாடிக்கு எழுதி நிறுத்திவிடுங்கள். தச்சரையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இனி என் கடைக்கு யோசனை சொல்வதாக இருந்தால் தயவுசெய்து எனக்கு மட்டும் சொல்லவும்.

குடும்பத்தோடு நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ மனதார வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நூலகர் அம்மா வந்துவிட்டார். கை கழுவப் போனபோது பின்கட்டில் அந்த நீட்டல் மேசையைப் பார்த்து, செல்போனையும் காட்டியிருக்கிறார். தேக்குக்குத் தேக்கு என்றே வந்ததாம். இந்தக் கடையில் பொய் சொல்லாத மேசை அது ஒன்றுதானாம். நாற்பதும் அதே மாதிரி வேண்டுமாம், நுனி நீட்டிக்கொண்டே. இடிக்குமே அம்மா என்றேன். "இடிச்சா திரும்பிப் பாப்பாங்க, பாத்தா மரத்தோட கதையைப் படிப்பாங்க" என்றார். உடனே தச்சர் வீட்டுக்கு ஓடினேன். நான் கூப்பிட்டால் வரமாட்டாராம், மாப்பிள்ளை சொன்னால்தான் வருவாராம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு போன் போடுங்கள்.