ஒரு ‘ங்க’ குறைந்தால்

சோமனூர்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் அங்கப்பன் அவர்களுக்கு,

தம்பிதுரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் சர்க்கரை நூற்று எழுபதிலும், உங்கள் தங்கை நஞ்சம்மாளின் குரல் வழக்கமான உயரத்திலும் நிலையாக இருக்கின்றன. வெள்ளகோவிலில் தாங்களும் அக்காவும் புது எண்ணெய்ச் செக்கும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் கொடுத்தனுப்பிய கடலை எண்ணெய் வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். உங்கள் தங்கையை ஒரு மாதத்துக்காவது அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். நாற்பத்தொரு வருஷத்தில் நான் உங்களிடம் இப்படிக் கேட்டதில்லை. காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீதியின் கடைசி வீட்டில் சுரேந்தர் என்று ஒருவன், லாரி ஆபீஸில் வேலை. மனைவி புவனா, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஆடி மாதம் புவனா கையில் கட்டோடு ரேஷன் கடைக்கு வந்தாள். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். மூன்று மாதத்தில் அது நான்காவது வழுக்கல். இங்கே வீடு வீடாகத் தறி ஓடுவதால் பக்கத்து வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது, கேட்காமல் இருப்பது எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது. நஞ்சம்மாள் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, “அத்தன வழுக்கற பாத்ரூமை இன்னும் ஒருத்தரும் போய்ப் பாக்கலீங்களே” என்று, தையல் கடை ஜாஹிதாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டாள். சொரசொரப்பான சிமென்ட் தரை. ஜாஹிதா அதில் தண்ணீர் ஊற்றி, சோப்பும் தேய்த்து, வெறுங்காலில் நான்கு தடவை நடந்தாளாம். வழுக்கவில்லை. அன்று சாயங்காலமே வீதியில் இருபத்தாறு பெண்கள் சேர்ந்து ‘காது குழு’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். உங்கள் தங்கை செயலாளர். புவனாவும் அதில் உண்டு, ஆனால் வீட்டில் ஊறுகாய்ப் பயிற்சி என்று சொல்லியிருந்தாள். அதற்காக ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு பாட்டில் ஊறுகாய் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து சாய்ப்ரியா என்ற பெண்ணை வரவழைத்தார்கள். அடிபட்ட பெண்களுக்குத் துணை நிற்கிற ஒரு அமைப்பில் இருக்கிறாள், நல்ல பெண். முதல் பாடம், உரக்கக் கத்துவது. அடிக்க வருகிறவனாக நடிக்க ஒரு ஆண் வேண்டும் என்றாள், வீதியில் வேலையில்லாத ஒரே ஆண் நான். நான் கையை ஓங்க வேண்டும், எல்லாரும் “டேய், கையை எடு” என்று கத்த வேண்டும். நான் ஓங்கினேன். இருபத்தாறு பேரும் ஒரே குரலில், “ஏனுங்க, கையை எடுங்க” என்றார்கள். அந்தப் பெண், “ங்க வேண்டாம்மா, கோபமா சொல்லணும்” என்றாள். மறுபடியும் ஓங்கினேன். “கொஞ்சம் கையை எடுத்துப்போடுங்க.” மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டு, “வலிக்குதுங்களா தம்பி?” என்று விசாரித்தார். சாய்ப்ரியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “எங்களுக்கு வராதுங்க அம்மணி, பொறந்ததுல இருந்து நாக்குல ஒட்டிக்கிட்டதுங்க” என்று சமாதானம் சொல்லி மோர் கொடுத்தார்கள்.

ஜாஹிதாவுக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. “வராததையே அடையாளமா வெச்சுக்கலாமுங்களே” என்றாள். தீர்மானம் போட்டார்கள். குழுவில் யார் யாரிடம் போனில் பேசினாலும், சிறியவளோ பெரியவளோ, ‘ங்க’ போட வேண்டும். ‘ங்க’ இல்லாமல் ஒரு வார்த்தை வந்தால் அந்த வீட்டில் ஆபத்து. புருஷன் பக்கத்தில் நின்று கேட்டாலும் அவனுக்கு ஒன்றும் புரியாது. பத்து நிமிஷத்தில் குழு அந்த வீட்டு வாசலில் இருக்க வேண்டும். சண்டை கூடாது. தயிர் தோய்க்க உறைமோர் வேண்டும் என்று கேட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவள் போகச் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. ஆண்கள் யாருக்கும் இந்த ரகசியம் தெரியாது. ஒரே வீட்டில் இருப்பதால் எனக்கு மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள் மச்சான். மூன்றாம் நாளே சென்னியம்மாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாய் வீங்கி, “கஞ்சிக்கு நொய் இருக்கா” என்று போன் செய்துவிட்டார். பதினொரு பேர் ஓடினார்கள். அவர் வீட்டுக்காரர், எழுபத்திரண்டு வயது, மனைவிக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உறைமோர் வேண்டும் என்று பதினொரு பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். “எங்க ஊட்டுல மாடே இல்லீங்களே” என்று அந்த மனுஷர் ஒன்றரை மணி நேரம் கஞ்சிக் கிண்ணத்தோடு கெஞ்சினார். அடுத்தது ஜாஹிதாவின் மருமகள் ரூபினா. மதுரைப் பெண். “அக்கா, கறிவேப்பிலை இருக்கா” என்பதுதான் அவள் பேச்சே. ஒரே வாரத்தில் அவள் புருஷன் இல்யாஸ் வீட்டில் ஆறு முறை உறைமோர் கேட்டார்கள். ஏழாம் முறை அவன் கதவைத் திறந்ததும் தானே ஒரு குண்டா தயிரை நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். பிறகு ரூபினாவுக்குப் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது பூனையைக் கூட “போங்க” என்றுதான் விரட்டுகிறாள்.

என் வீட்டையும் விடவில்லை. ஜாஹிதாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது பால் பொங்கிவிட்டது, நஞ்சம்மாள் அவசரத்தில் “இரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். எட்டு பேர் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நானா, என்றேன். நானாவது அப்படிப்பட்டவனா, என்றேன். சென்னியம்மாளுக்கு வாய் வீக்கம் வடிந்து ‘ங்க’ திரும்பியிருந்தது. “தம்பி, தொண்ணூத்தொண்ணுல நீங்க வீசுன சோத்து வட்டல் எங்க செவுத்துல பட்டுச்சுங்க. இப்பவும் பள்ளம் இருக்குதுங்க” என்றார். தட்டைச் சுவரைப் பார்த்துத்தான் வீசினேன் என்றேன். “செவுத்துக்கு முன்னால நஞ்சம்மா நின்னுட்டிருந்தாளுங்க” என்றார். உங்களுக்கு நினைவிருக்கும், அந்த வாரம் அவள் உங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் நீங்களே பஸ் ஏற்றிக் கொண்டுவந்து விட்டீர்கள். நாம் இருவரும் இலை போட்டுச் சாப்பிட்டோம். அவள் பரிமாறினாள். அந்தப் பேச்சை எடுக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அதுவும் உறைமோர் கேட்க வந்தவர்கள்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் எழுந்துபோய்ப் பால் பாத்திரத்தைத் துலக்கினேன்.

இப்படியே போனதில் வீதி ஆண்கள் சேர்ந்து, உறைமோர்த் தொல்லையை நிறுத்தக் கோரி ஒரு மனு தயாரித்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன், மறைக்கவில்லை. வீண் ஓட்டம் ஓடிக் குழுவிலும் பலருக்கு அலுத்துவிட்டது. கலைத்துவிடலாமா என்று பேச ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். புவனா மட்டும் வரவில்லை. நான் மனுவின் இரண்டாம் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது மேஜை மேலிருந்த நஞ்சம்மாளின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, பச்சை மிளகா இருக்கா.”

புவனாவின் குரல். அந்த வீதியிலேயே மரியாதையான பெண், குழந்தையைக் கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிறவள். இருபத்தைந்து நாற்காலிகள் ஒன்றாக நகர்ந்தன. மனு கையில் இருந்ததால் நானும் ஓடினேன்.

சுரேந்தர் கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டு நின்றான். ஒரு கையில் அவள் போன். இன்னொரு கையில் அவள் மணிக்கட்டு, கட்டு அவிழ்த்துப் பத்து நாள் கூட ஆகாத அதே கை. “என்னங்க வேணும்?” என்றான். “ஒறமோர் வேணுங்க” என்றார்கள் இருபத்தைந்து பேரும். அவனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலிலும், மாடிப்படியிலும், வாஷிங் மெஷின் மேலும் உட்கார்ந்தார்கள். அவன் போன் இருந்த கையை ஓங்கினான். பயிற்சியில் சொன்னபடி ஒரே குரலில் வந்தது: “ஏனுங்க, கையை எடுங்க.” மறுபடி, “கையை எடுங்க.” மச்சான், இருபத்தைந்து பேர் மரியாதையாகச் சொன்னால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஓங்கிய கை இறங்கியது, பிடித்த கை விடவில்லை. அவன் என்னைப் பார்த்தான். “மாமா, நீங்க பெரியவிய, சொல்லுங்க. புருசன் பொண்டாட்டி சமாச்சாரமுங்க இது” என்றான். என்னைத் தன் ஆள் என்று நினைத்துத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக, “டேய், கையை எடுடா” என்றேன்.

‘ங்க’ இல்லாத சொல் காதில் விழுந்ததும், பழக்கதோஷத்தில் இருபத்தைந்து பேரும் எனக்குத்தான் ஆபத்து என்று என் பக்கம் எழுந்து வந்துவிட்டார்கள். அந்த நெரிசலில் அவன் பிடி விட்டது. ஜாஹிதா அதற்குள் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்திருந்தாள். ஐம்பது நிமிஷத்தில் சாய்ப்ரியாவும், மகளிர் காவல் நிலையத்திலிருந்து இருவரும் வந்தார்கள். மனுவின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் புகாரை அதிலேயே எழுதினோம், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான். புவனாவின் சான்றிதழ்கள் ஒரு மாதமாகவே தையல் கடையில் ரவிக்கைத் துணிகளுக்கு நடுவே இருந்தன. குழந்தையையும் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். எங்கே என்று எழுத மாட்டேன். சுரேந்தரை ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள், தினமும் வீடு வீடாக வந்து கேட்கிறான். எல்லா வீட்டிலும், “ஒறமோர் வேணுங்களா?” என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஆகவே, குழு கலையவில்லை. பக்கத்து மூன்று வீதிகள் வேறு சேர்ந்துவிட்டன, நான் ஆண்கள் பிரிவுக்குப் பொறுப்பாம். குளிர்சாதனப் பெட்டியில் மருந்து வைக்க இடமில்லாமல் உறைமோர் டம்ளர்கள். உங்கள் தங்கைக்கு நல்ல புத்தி சொல்லி, பெண்கள் வீட்டோடு இருப்பதுதான் அழகு என்று எடுத்துச்சொல்லி அனுப்பி வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பேரன் பேத்திகள் நூறு வயது இருக்கட்டும், செக்கு அதற்கு மேலும் ஓடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தம்பிதுரை.

பின்குறிப்பு: மேலே கடைசியில் பெண்கள் வீட்டோடு இருப்பது அழகு என்று எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். இதைத் தபாலில் போடவில்லை, பல்லடத்திலும் காங்கேயத்திலும் பஸ் மாறி வந்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிற பெண்தான் புவனா. இடுப்பில் குழந்தை. பி.காம் படித்தவள், உங்கள் செக்கு ஆபீஸுக்கு ஆள் வேண்டும் என்றீர்கள். ஒரு மாதம் துணைக்கு இருக்க, அவளுக்குப் பின்னால் உறைமோர்த் தூக்கோடு நிற்பது உங்கள் தங்கை. அன்றைக்கு அவளை மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டீர்கள். இந்த முறை கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டீர்கள், அதனால் அடுத்த வரியின் அர்த்தம் புரியும்.

மச்சான், உள்ளே வரச் சொல்.