உயர வரிசையில் நின்ற கொடுவா மீன்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

நான் நலம். கப்பல் வேலையில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி என்னோடு பேசுவதில்லை. ஆய்வுக்கூட விடுதிக்குக் குடிபோகிறேன் என்று பெட்டி கட்டுகிறாள். இதில் என் பங்கு என்ன என்று நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: சுத்தம்.

வடக்கு முகத்துவாரத்துக் கொடுவாவும் தெற்கு முகத்துவாரத்துக் கொடுவாவும் ஒரே வம்சமா, வேறு வேறா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முட்டையிட அந்த மீன்கள் தாம் பிறந்த முகத்துவாரத்துக்கே திரும்புமாம். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று மீனுக்குத் தெரிந்திருக்கிறது. தெற்குக் கூட்டம் தனி வம்சம் என்று நிரூபித்தால்தான் அந்த முகத்துவாரத்தைத் தோண்டித் துறைமுகம் கட்டுவதை நிறுத்த முடியுமாம். அறிக்கை கொடுக்கும் நாளும் நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் ஆய்வுக்கூடத்து ஃப்ரீசர் பழுதாகி, குஞ்சு மீன்களையெல்லாம் என் ஃப்ரீசரில் கொண்டுவந்து திணித்தாள். கசங்கிய பைகள், உள்ளே நனைந்த சீட்டுகள், குட்டையும் நெட்டையும் ஒன்றன்மேல் ஒன்று. கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களை எப்படி நிறுத்தினார்களோ அப்படியே, எல்லாவற்றையும் உயர வரிசைப்படி புது டப்பாக்களில் அடுக்கி வைத்தேன்.

“அம்மா, சீட்டெல்லாம் எங்கேம்மா?”

“நாத்தம் புடிச்ச காகிதம். குப்பையிலே.”

“ஐயோ, எது வடக்கு, எது தெற்குன்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்?”

“மூஞ்சியப் பார்த்தா தெரியாதா? இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?”

இதற்குத்தான் அத்தனை அழுகை. நானும் சும்மா இருக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, லட்சணமானவற்றைத் தெற்கு என்றும் மற்றவற்றை வடக்கு என்றும் பிரித்துக் கொடுத்தேன். நம் குடும்பத்து மூக்கை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிக்கிறவள் நான். “உன் லட்சணத்தைக் காட்டியா துறைமுகத்தை நிறுத்தச் சொல்றது?” என்று கத்திவிட்டு, டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அன்று முதல் சாப்பாடு வேண்டாம் என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறாள். நானும் அதே சுவரிடம் பதில் சொல்லி அனுப்புகிறேன்.

ஆகவே நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடனே வந்து அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கள் மாமனார் இருந்தவரை அந்தத் துறையை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் மனைவிக்குக் கொஞ்சம் பொறுமையையும் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டப் போகும்போது அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். “தப்பு என்னுதுதான், போகாதேம்மா” என்று சொல்லிவிட்டேன். பெட்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. மரபணுச் சோதனையில் மீன்கள் சீட்டே இல்லாமல் இரண்டு வம்சமாகப் பிரிந்துவிட்டனவாம். போன வருஷத்து மீன்களோடு ஒப்பிட்டதில் எது வடக்கு, எது தெற்கு என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் பிடித்ததாக நோட்டில் குறித்திருந்த எண்ணிக்கைகூடச் சரியாக இருக்கிறதாம். சீட்டைப் பார்த்து உங்களுக்கு வேண்டியபடி பிரித்தீர்கள் என்று துறைமுகக்காரர்கள் இனி வாய் திறக்க முடியாது என்று தலைமை விஞ்ஞானிக்கு ஏக சந்தோஷம். நான் லட்சணம் பார்த்துப் பிரித்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த போன் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், நான் மன்னிப்பே கேட்டிருக்க வேண்டாம்.