மண்ணோடயா, மண்ணில்லாமயா?

முள்ளங்கி விதையைத் தோண்டியெடுத்துப் பார்ப்பது அது ஒன்பதாவது முறை. வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, சாமணத்தால் விதையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எந்த அசைவும் இல்லை. ஊதித் துடைத்து, அதே குழியில், அதே கோணத்தில் வைத்து மூடினார்.

முப்பது வருஷத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரே பாடம், ஓடாத பொருளைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது. முள்ளங்கிக்கு அந்தப் பாடம் தெரியவில்லை.

ஆறு வருஷம் பெயர் எழுதிக் காத்திருந்து கிடைத்த இடம். நகராட்சிப் பொதுத் தோட்டத்தின் பதினாறு துண்டுகளில் பதினோராவது. நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். ஊரார் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. சாவி கொடுக்காமல் தானாக ஓடுகிற ஒன்றை, ஒரே ஒரு தடவை, தன் கையால் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

தோட்டச் சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. பருவத்துக்கு ஒருமுறை செயலாளர் அம்மா வருவார். அவர் கண்ணெதிரே எதையாவது பறித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிலம் வரிசையில் அடுத்தவருக்கு. அந்த அடுத்தவர், அவருடைய சொந்த மச்சினன்.

"மாமா, ஏதாவது முளைச்சுதா?" என்று ஞாயிறுதோறும் வேலியோரம் வந்து அக்கறையாக விசாரிப்பான். கையில் அளவு நாடா இருக்கும்.

மழை விட்ட வாரம் முதல் ஆய்வு. முந்தின நாள் சாயங்காலம் அவர் காய்கறிக்கடை அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"ஒரு கட்டு முள்ளங்கி குடுங்கக்கா."

"மண்ணோடயா, மண்ணில்லாமயா?"

தூக்கிவாரிப்போட்டது. "அது வந்து... மண்ணோட."

"இலை இருக்கணுமா?"

"இருந்தா நல்லது."

அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

விடிவதற்குள் ஸ்கேல் வைத்து நட்டு முடித்தார். செயலாளர் அம்மா எட்டு மணிக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் செய்யாதவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அவருடைய ஒன்றாம் எண் துண்டு படத்தில் வரைந்த மாதிரி இருக்கும். குனிந்து ஒரு முள்ளங்கியைப் பிடித்து இழுத்தார். கூடவே இன்னும் நாலு வந்தது.

"என்ன இது?"

"ரப்பர் பேண்ட் மேடம்."

"அது தெரியுது. மண்ணுக்குள்ள என்ன பண்ணுது?"

"தனித்தனியா விட்டா ஆளுக்கொரு திசையில போயிடும் மேடம். ஸ்ட்ராப் போட்டா ஒத்துமையா வளரும்."

செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, 'புதிய முறை' என்று நோட்டில் எழுதினார். அடுத்த வாரம் பதினாறு துண்டுகளிலும் காய்கள் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு நின்றன. தோட்டம் முழுக்க ஒற்றுமை கொடிகட்டிப் பறந்தது.

வீட்டில் மனைவி முள்ளங்கியை மிளகு தூவி வதக்கி, ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"கடையில வாங்குன மாதிரியே இருக்கே."

அவருக்குப் புரையேறியது.

"அவ்வளவு நல்லா இருக்குன்னு சொன்னேங்க. எதுக்கு இப்படி இருமுறீங்க? இனிமே நமக்குக் கடை எதுக்கு? பையை மடிச்சுப் பரண்ல போட்டுட்டேன்."

அன்றிலிருந்து அவருக்கு இரட்டை உத்தியோகம். சாயங்காலம் கடையைப் பூட்டியதும் காய்கறிக்கடை. அங்கிருந்து தோட்டம். வாங்கியதையெல்லாம் மண்ணில் புரட்டி எடுத்துக்கொண்டு வீடு. அவள் அந்த மண்ணை மாய்ந்து மாய்ந்து கழுவுவாள். ஒருநாள் அவசரத்தில் பைக்குள் இருந்த வாழைப்பழத்தையும் சேர்த்துப் புரட்டிவிட்டார்.

"மூணு மாசத்துல வாழையா?"

"குட்டை ரகம்."

இந்த அலைச்சலில், தோட்டத்து மூலையில் எப்போதோ தூவிய கேரட் விதையைத் தோண்டிப் பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை.

பனிக்காலத்து ஆய்வுக்கு முட்டைக்கோஸ். ஏழு உருண்டைகளைக் குடைக்கம்பியில் குத்தி வரிசையாக நிறுத்தியிருந்தார். செயலாளர் அம்மா நெருங்கிய நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. மூன்றாவது கோஸ் கம்பியிலிருந்து கழன்று, நிதானமாக உருண்டு, பன்னிரண்டாம் எண் துண்டுக்குக் குடிபோயிற்று.

"நடமாடுற ரகம் மேடம்," என்றார்.

"அதுலயும் விதை குடுங்க மாமா," என்றான் வேலியோரத்து மச்சினன்.

செயலாளர் அம்மா நோட்டில் இன்னொரு வரி எழுதினார். வாட்ச் ரிப்பேர்க்காரரை முன்மாதிரித் தோட்டக்காரர் என்று அறிவித்தார். விஷயம் அதோடு நின்றிருக்கலாம்.

"வெயில் ஆரம்பத்துல அறுவடை நாள் வருதில்ல?" என்றாள் மனைவி, முகமெல்லாம் பூரிப்பாக. "நம்ம தோட்டத்துக் காய்ல நாப்பது பேருக்கு சூப் வைக்கிறேன்னு செயலாளர் அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"பெருமையா ஒரு வார்த்தை சொல்றதுக்கும் உங்ககிட்ட ரசீது வாங்கணுமா?"

அறுவடை நாளில் பதினாறு பேரும் கூடை வைக்க வேண்டும். முதல் கூடைக்குப் பரிசு, காலிக் கூடைக்காரர் வெளியே. தீர்ப்புச் சொல்ல நடுநிலையான, காய் தெரிந்த ஆள் வேண்டுமென்று செயலாளர் அம்மா தேடிப் பிடித்தது காய்கறிக்கடை அக்காவை. அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து வாட்ச் ரிப்பேர்க்காரருக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின சாயங்காலம் கடைக்கு ஓடினார். கூடைகளெல்லாம் காலி.

"எல்லாம் மத்தியானமே போயிருச்சு வாச்சுக்காரரே. ரெண்டு எலுமிச்சம்பழம் இருக்கு, தரட்டுமா?"

எலுமிச்சம்பழத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக் காட்டுவது எப்படி என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். பிறகு வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் தோட்டத்து வாசலில் பெரிய அடுப்பு. அதன்மேல் அண்டா.

"இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

"தண்ணி கொதிக்குது. போய்ப் பிடுங்கிட்டு வந்து சொல்லுங்க."

பதினோராம் எண்ணில் குடைக்கம்பிகள் மட்டும் நின்றன. நிலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று மூலைவரை நடந்தார். அங்கே இறகு இறகாக என்னவோ பச்சையாக இருந்தது. களை என்று இத்தனை நாள் தாண்டிப் போயிருந்தார். பிடித்து இழுத்தார். மண்ணுக்குள்ளிருந்து ஏதோ அவரைத் திருப்பி இழுத்தது. அவர் நட்ட முள்ளங்கி எதுவும் அப்படி இழுத்ததில்லை.

கேரட். இரண்டு கால், அதிலும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அடுத்தது நிமிஷ முள் அளவு. மொத்தம் ஒன்பது, ஒன்றுகூட நேராக இல்லை. பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார். நூல் நூலாக வேர் ஒவ்வொன்றும் ஒரு மண்துகளை இறுகப் பிடித்திருந்தது. கண்ணாடிக்குள் பனி படர்ந்ததால் மேற்கொண்டு தெரியவில்லை.

மேஜையில் பதினைந்து கூடைகள் பளபளத்தன. தக்காளி முகம் பார்க்கலாம் போலிருந்தது. பதினாறாவது கூடையைச் செயலாளர் அம்மா இரண்டு விரலால் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"கேரட் மேடம். நான் வளர்த்தது."

"கேரட் இப்படியா இருக்கும்? எங்கேயோ பொறுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. மச்சினன் அளவு நாடாவை எடுத்தான். மனைவி கரண்டியோடு வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். இவர் கை நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

காய்கறிக்கடை அக்கா பதினைந்து கூடைகளையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து நேராகப் பதினாறாவதிடம் வந்தாள். கால்மேல் கால் போட்ட கேரட்டை எடுத்தாள். முந்தானையில் துடைத்து நறுக்கென்று ஒரு கடி கடித்தாள். மென்று முடிக்கும்வரை தோட்டமே அவள் வாயைப் பார்த்தது.

"பரிசு இந்தக் கேரட்டுக்குத்தான்," என்றாள். "மத்த பதினஞ்சு கூடையும் நேத்து என் கடையிலேர்ந்து மண்ணோட போனது, செயலாளர் அம்மாதான் மொதல் போணி."