போயிட்டு வரேன்னு சொன்ன ஷெல்

"போன்னு சொன்னா போகுதா பாரு, எருமை!"

புயல் திட்டியது கம்ப்யூட்டரை. டைப் அடிக்கிற வேகத்துக்காக வகுப்பு அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. யோசிக்கிற வேகத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

நாம் தட்டுகிற கட்டளையை வாங்கிக் கம்ப்யூட்டரிடம் சொல்லி வேலை வாங்குவது ஷெல். அப்படி ஒன்றை மாணவர்கள் எழுத வேண்டும். கம்ப்யூட்டரிலேயே ஒன்று இருக்கிறதே என்று கேட்டால் மார்க் குறையும். புயல் கம்ப்யூட்டரில் இருந்ததைப் பார்த்து அச்சு அசலாக எழுதியிருந்தாள், அடுத்த கட்டளைக்காக வரி ஆரம்பத்தில் காத்து நிற்கிற டாலர் குறி உட்பட. போன வருஷமே இந்தப் பாடத்தில் ஃபெயில். இன்று நாலு மணிக்குப் பேராசிரியரிடம் காட்டித் தேறாவிட்டால் இன்னொரு வருஷம் இதே பெஞ்சுதான்.

மற்றதெல்லாம் ஜோராக ஓடியது. ஷெல்லை வெளியேறச் சொல்லி 'எக்ஸிட்' தட்டினால் மட்டும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் மறுபடி டாலர் குறி. வாசல்வரை போய் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி!

"போயிட்டு வரேன்னா வரத்தானே செய்யும்? போறேன்னு மாத்து" என்றான் பக்கத்தில் இருந்த முதல் பெஞ்சுக்காரன்.

"அப்படிச் சொல்லிட்டுக் கிளம்பக் கூடாதுடா."

"அது புரோகிராம்டி!"

மாற்றினாள். "போறேன்" என்றது. டாலர் குறி மறுபடி வந்து நின்றது. ஆத்திரத்தில் இன்னொரு எக்ஸிட் தட்டினாள். இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல் திரையில் இருந்த ஜன்னலே மூடிக்கொண்டது.

"ஒண்ணு, போகவே மாட்டேங்குது. இல்லேன்னா வீட்டையே தூக்கிட்டுப் போகுது. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல!"

கீபோர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த லேப் அட்டெண்டர் தொண்டையைக் கனைத்தார். இருபது வருஷமாக இந்த லேபில் இருப்பவர்.

"அப்புறம் அண்ணே, ப்ளீஸ்!" என்றாள் புயல்.

"நீ அதட்டினது பத்தல" என்றான் முதல் பெஞ்சு.

காலையில் எழுதிய எக்ஸிட் பகுதியை ஒரு வரி விடாமல் அழித்தாள். எது ஓடினாலும் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி புதிதாக எழுதினாள். எக்ஸிட் தட்டினால், கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்டு அவளையே வெளியே நிறுத்தியது. அதைத் திருத்தினாள். கம்ப்யூட்டரே அணைந்தது. அதையும் திருத்துவதற்குள் மணி நாலு.

பேராசிரியர் உட்கார்ந்தார். எக்ஸிட் தட்டினார். திரை கறுத்தது.

"ஷெல்லைத்தானே போகச் சொன்னேன்? கம்ப்யூட்டர் எங்கேம்மா போச்சு?"

புயலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "காலையிலேர்ந்து இதே ரோதனை சார். போறேன்னு சொல்லும், போகாம டாலர் குறியைப் போட்டுக்கிட்டு அங்கேயே நிக்கும். வேற வழியில்லாமதான்…"

அவர் பெருமூச்சுடன் பேனாவைத் திறந்தார்.

அட்டெண்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பாப்பா, உன்னுது காலையிலேயே ஒழுங்காக் கிளம்பிப் போயிடுச்சும்மா. அப்புறம் டாலர் குறி போட்டுக்கிட்டு நின்னது கம்ப்யூட்டரோட சொந்த ஷெல்லு. அதைத்தான் நீ நாள் பூரா வீட்டை விட்டு விரட்டிட்டிருந்தே!"