நாலாம் வகை

வேன் ஓட்டுநருக்கு வந்திருந்தது. கல்லாவில் உட்காரும் அக்காவுக்கு வந்திருந்தது. தாழ்ப்பாள்களை எண்ணிக்கொண்டே தூங்கிப்போகும் கிடங்குக்காரருக்குக்கூட வந்திருந்தது. கணக்கருக்கு மட்டும் பூஜ்யம்.

கணினித் திரையில் 'நிறுவனத்தின் பங்கு' என்ற கட்டத்தில், அவர் பெயருக்கு நேராக, அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி அது உட்கார்ந்திருந்தது. தூசியாக இருக்குமோ என்று கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். பூஜ்யம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

அது கதவுச் சாமான் மொத்த வியாபாரக் கடை. கீல், பூட்டு, கைப்பிடி, தாழ்ப்பாள். காலையில் கடை திறந்ததும் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சேதி சொல்லியிருந்தார். ஓய்வுக்காலச் சேமிப்புக்கென்று அவரவர் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கச் சொல்கிறார்களோ, அதே அளவு கடையும் தன் பங்காகப் போடும்; சம்பளத்தில் மூன்று சதவீதம் வரைக்கும். அதற்கு மேலே கேட்டால் தனக்குக் காது கேட்காது என்றும் சேர்த்துச் சொன்னார். சம்பளம் போடும் மென்பொருளில் இதை ஏற்றி, சாயங்காலத்துக்குள் சம்பளத்தை அனுப்ப வேண்டியது கணக்கரின் வேலை.

கடையில் அவருக்குத் 'தசமம்' என்று பட்டப்பெயர். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுதாமல் அவர் மூச்சுகூட விடமாட்டார் என்பார்கள். முப்பது வருஷமாக அடுத்தவர் காசைப் புள்ளி பிசகாமல் பார்த்தவரிடம் தனக்கென்று சேர்ந்தது ஒன்றுமில்லை. மகளின் படிப்பு, மகளின் கல்யாணம், ஒழுகுகிற கூரை என்று வந்ததெல்லாம் வந்த வழியே போயிற்று. அதனால்தான் காலையில் சேதி கேட்டதும் வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டுக்காரம்மா வழக்கமாக எதற்கும் அசைகிறவர் அல்ல.

"நிஜமாவா? அப்ப முட்டி வலிக்கு மாத்திரை வாங்க மகள் முன்னாடி போய் நிக்க வேண்டாம்" என்றார். பிறகு, "உங்க பேருக்கு ஏறிடுச்சான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

இப்போது என்ன சொல்வது?

ஆடிட்டர் ஆபீசில் ஒரு பெண் இருக்கிறாள். இந்த மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்து, ஆட்களின் விவரங்களை ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான். கேட்டால் நொடியில் சொல்லிவிடுவாள். ஆனால் போன தடவை வந்தபோது, கணக்கர் கூட்டிய கூட்டலில் எல்லார் முன்னிலும் பிழை கண்டுபிடித்து, "பரவாயில்ல சார், வயசானா வர்றதுதான்" என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுக்குப் போன் செய்வதைவிடப் பூஜ்யத்தோடு குடித்தனம் நடத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது.

விதிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தார். அங்கே இரண்டு கட்டங்கள். ஊழியர் போடுவதில் நூற்றுக்கு எவ்வளவு கடை போடும் என்பது ஒன்று. சம்பளத்தில் எத்தனை சதவீதம் வரை போடும் என்பது இன்னொன்று. முதலில் நூறு, அடுத்ததில் மூன்று என்று போட்டிருந்தார். ஒருவேளை இடம் மாறியிருக்குமோ என்று மாற்றிப் போட்டு, 'சேமி' என்பதை அழுத்தினார்.

அவர் பூஜ்யம் அசையவில்லை. ஆனால் சேமிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த மென்பொருள் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பும் என்பது அவருக்குத் தெரியாது. வேன் ஓட்டுநர் போனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன தசமம் அண்ணே, காலையில பெரிசா சொன்னாரு. என் வயசான காலத்துக்குக் கடை போடுற காசு ஒரு டீக்குத்தான் வரும்போல இருக்கு. அதுவும் சர்க்கரை இல்லாம."

கல்லா அக்காவும் வந்துவிட்டார். தன் பங்கில் டீயே வராது, தம்ளரை எட்டிப் பார்க்கலாம் என்றார். சரிசெய்துவிடுகிறேன் என்று இருவரையும் அனுப்பிவைத்துவிட்டுக் கணக்கர் மறுபடி உட்கார்ந்தார்.

இந்தத் தடவை அவர் யோசித்தது வியாபார மூளையோடு. அந்தத் தெருவில் யாரும் முதல் வாயிலேயே கடைசி விலையைச் சொல்வதில்லை. நாலுக்கு வாங்க வேண்டியதைப் பத்தில் ஆரம்பித்தால்தான் மரியாதை. இந்த மென்பொருளும் ஏதோ ஒரு வியாபாரி செய்து விற்றதுதானே, மூன்று கேட்டால் பூஜ்யம்தான் தரும். அடித்துக் கேட்டால் இறங்கி வரும் என்று முடிவு செய்தார். கட்டங்களைப் பழையபடி மாற்றி, மூன்று இருந்த இடத்தில் பத்து என்று தட்டிவிட்டு, எதிராளியின் முகத்தைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார்.

மென்பொருள் பேரம் பேசவில்லை. 'சேமிக்கப்பட்டது. நன்றி' என்றது.

அவர் பெயருக்கு நேராகப் பூஜ்யம். மற்றவர்கள் போனுக்கெல்லாம் பத்து.

கல்லாப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா தன் தங்கைக்குப் போன் செய்து, கடைசிக் காலத்தில் யார் வீட்டிலும் போய்க் கிடக்க வேண்டியதில்லை என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். வேன் ஓட்டுநர் ஓய்வு பெற்ற பிறகு வாங்கப்போகும் வேனுக்கு நிறம் தேர்ந்தெடுத்துவிட்டார்.

கணக்கருக்கு வியர்த்தது. அவசரமாகப் பத்தை மூன்றாகத் திருத்தினார். ஏற்றுவது உங்கள் இஷ்டம், இறக்குவதானால் ஊழியர்களின் சம்மதம் வேண்டும் என்று மென்பொருள் சொல்லிவிட்டு, அதுவாகவே எல்லோரிடமும் கேட்டது: குறைத்துக்கொள்ளச் சம்மதமா? ஒருவர் பாக்கியில்லாமல் முடியாது என்றார்கள். கிடங்குக்காரர் அதற்கென்று எழுந்து, மறுப்பை அழுத்திவிட்டு, மறுபடி தூங்கினார்.

வேறு வழியில்லாமல் கணக்கர் தன் பெயரையே திறந்து பார்த்தார். மற்றவர்களுக்கெல்லாம் 'வகை' என்ற இடத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. அவருக்கு மட்டும் நாலு. மாற்றப் பார்த்தார்; கட்டம் பூட்டியிருந்தது. ஊர்ப் பூட்டையெல்லாம் விற்கிற கடையில் அதற்கு மட்டும் சாவி இல்லை.

அந்தக் கடையில் சரக்குக்குத் தரம் உண்டு. முதல் தரம் கண்ணாடி அலமாரிக்கு. இரண்டாம் தரம் உள் அலமாரிக்கு. மூன்றாம் தரம் வாசல் கூடையில், அள்ளின விலைக்கு. நாலாம் தரம் என்பது துருப்பிடித்தது, நெளிந்தது. எடைக்கு எடை இரும்புக்காரனிடம் போய்விடும். அந்த வகை பிரிக்கும் முறையை எழுதி ஒட்டியவரே அவர்தான்.

எழுந்து முதலாளியிடம் போனார். முதலாளி ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் பித்தளைக் கைப்பிடிகளை விற்றுக்கொண்டிருந்தார். எழுபதைத் தொடுகிற வயது. ஒரே மகன் வெளியூரில் பல் வைத்தியன். கீலைப் பற்றிப் பேச்செடுத்தால் அவன் வாயைத் திறக்க இன்னொரு பல் வைத்தியர் வேண்டும். ஒப்பந்தக்காரர் கைப்பிடிகளைக் கழுவிப் பார்ப்பதுபோல உருட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், கணக்கர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எல்லோருக்கும் கடையின் பங்கு வருகிறது, எனக்கு வரவில்லையே?

முதலாளி கைப்பிடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு அது வராது, கணக்கரே. விடுங்க."

அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு ஒரு வரி. பத்து ஏறிப்போன விஷயத்தைச் சொல்லி, எப்படியாவது மூன்றாக்கித் தாருங்கள் என்று கெஞ்சவும்தான் கணக்கர் வந்திருந்தார். அந்தக் கெஞ்சல் இப்போது தொண்டையிலேயே திரும்பிப் படுத்துக்கொண்டது. தனக்கில்லை என்றால் போகட்டும். மற்றவர்களுக்காவது இந்த மனுஷனின் பணப்பையை உதறி எடுக்காமல் விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வந்தது.

பத்து போட்டிருப்பதாக அறிவித்தார்.

"பத்தா?" முதலாளி கைப்பிடியைக் கீழே வைத்தார். "கடை தாங்குமா? கணக்கு தெரிஞ்சவர், நீங்களே சொல்லுங்க."

பேரம் ஆரம்பித்தது. அந்தத் தெருவே பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொண்டது. முதலாளி நாலில் நின்றார். கணக்கர், ஆள் விட்டுப் போனால் புது ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஆகும் செலவை எடுத்து வைத்தார். முதலாளி ஐந்துக்கு ஏறி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வேன் ஓட்டுநரின் இடுப்பு வலி யாருடைய சரக்கைத் தூக்கி வந்தது என்று கணக்கர் கேட்டார். ஓட்டுநர் உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கல்லா அக்கா மூக்கைச் சிந்தினார். ஒப்பந்தக்காரர் தன் பேரத்தை மறந்துவிட்டு, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒன்பது நியாயம்தான் என்று தலையாட்டினார். கடைக்காகப் பேரம் பேசிப் பழகிய வாய், முதல்தடவையாக முதலாளிக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அதன் கூர்மையைக் கண்டு கணக்கரே வியந்தார்.

கடைசியில் எட்டு. ஊழியர்களும் எட்டுக்குச் சம்மதம் என்று போனில் அழுத்தினார்கள்.

"எட்டு" என்றார் முதலாளி. "ஆனா ஒண்ணு. நாளைக்கு வந்து, ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னு என்கிட்ட சண்டை போடக் கூடாது."

"நான் எதுக்குப் போடப்போறேன்? என் காசா போகுது?"

முதலாளிக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. கணக்கர் பழக்கதோஷத்தில் அவர் தலையைத் தட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

சம்பளத்தை அனுப்பினார். எல்லோருக்கும் எட்டு, தனக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். பிறகு வீட்டுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். வீட்டுக்காரம்மா அழவில்லை, திட்டவில்லை.

"பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. மாத்திரை இல்லாமலே நடக்குறேன்" என்றார்.

அதுதான் அவரை உடைத்தது. மேசையிலிருந்து தன் கால்குலேட்டரை எடுத்தார். கண்ணாடிக்கூட்டை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் மெத்தையை எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகு பிடித்துக்கொண்டபோது முதலாளி, விலை கேட்காமல், தன் வாழ்நாளில் ஒரே தடவை பேரம் பேசாமல் வாங்கி வந்தது. அதைத் திரும்ப நாற்காலியில் வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். வேன் ஓட்டுநர் பார்த்துவிட்டு, அண்ணே இல்லாத கடைக்குத் தான் வேன் ஓட்டப்போவதில்லை என்றும், ஆனால் எட்டு சதவீதம் இருப்பதால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றும் தழுதழுத்தார்.

கணக்கர் பையோடு முதலாளி முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமிய நேரத்தில்தான் ஆடிட்டர் ஆபீஸ் பெண் உள்ளே வந்தாள். கையில் ஹெல்மெட். இந்தக் கடையிலிருந்து காலையிலிருந்து இத்தனை திருத்தம் வருகிறதே, யாராவது குழந்தை கையில் கணினியைக் கொடுத்துவிட்டார்களா என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

போகிறவனுக்கு இனி என்ன வெட்கம் என்று கணக்கர் துணிந்தார்.

"நான் கிளம்புறேம்மா. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இந்த நாலாம் வகைன்னா என்ன? எவ்வளவு கேவலமா இருந்தாலும் சொல்லிடு."

அவள் அவரைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். முதலாளியைத் தேடினாள், அவர் கீல் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து, விழாத ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் திரையைத் தன் பக்கம் திருப்பி, எட்டு என்ற எண்ணைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பங்குதாரர் சார்; போன மாசம் முதலாளி உங்களைப் பேச்சுல இழுத்துக்கிட்டே கையெழுத்து வாங்கினாரே, அன்னையிலிருந்து கடையில பாதி உங்களோடது, அதனால சம்பளக்காரங்களுக்குப் போடுற பங்கு உங்களுக்கு வராது, உங்ககிட்டயிருந்துதான் போகும் — அது சரி, மூணா இருந்ததை எட்டாக்கின அந்தப் புண்ணியவான் யாரு சார்?"