பெட்டியும் வரவேண்டாம், நீயும் வரவேண்டாம்

உத்திரமேரூர்,
செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.

ஒரு காலத்தில் என் சொல்லைத் தட்டாதவனாயிருந்த மச்சான் பெஞ்சமினுக்கு, உன் அக்காள் புருஷன் ஐசக் கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துதல் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் சுகிர்தாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் நிஷாவும் குழந்தையும் சென்னைக் கொசுவுக்கும் சென்னைத் தண்ணீருக்கும் தப்பி நன்றாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். போன் இருக்கும்போது மாமா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நீ நடுநடுவே "மாமா, ஒரு நிமிசம், மாமா, ஒரு நிமிசம்" என்று குறுக்கே விழுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நாளை காலை கத்தரிக்காய் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வரும் தினகரன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுத்தான் காப்பி குடிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நம் சர்ச் மைதானத்தில், நீ வேலை செய்யும் கீதவாசல் ஊழியமும் நம் பக்கத்து மூன்று ஊர்ப் பாடகர் குழுக்களும் சேர்ந்து நடத்தும் 'தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்' என்கிற இசை நாடகத்துக்கு உங்கள் வேன் வரலாம், உடுப்பு வரலாம், லைட்டு வரலாம், உங்கள் டைரக்டர் செந்தமிழன் ஐயா தாராளமாக வரலாம். சென்னைக்காரர்கள் பாடிப் பதிந்துவைத்த பாட்டை ஓடவிடும் அந்த ஸ்பீக்கர் பெட்டி மட்டும் வரக்கூடாது. அதைத் தட்டிவிடுகிற ஆள் நீ என்பதால் நீயும் வரவேண்டாம். எங்கள் ஜனங்கள் சொந்தத் தொண்டையில் பாடுவார்கள். இதில் மாற்றம் இல்லை.

இந்த முடிவுக்கு நான் சும்மா வந்துவிடவில்லை, நடந்ததை முதலிலிருந்து சொல்லுகிறேன். காணாமற்போன ஓர் ஆட்டை மேய்ப்பன் தேடிப்போகிற கதைக்கு ஒரு பெரிய பாட்டு, அதை மூன்று ஊரும் மனப்பாடம் பண்ணவேண்டும் என்று சொல்லி, பொங்கலுக்கு முன்பு என் போனுக்கு அனுப்பினாய் அல்லவா? ஒன்றாக அனுப்பாமல் துண்டு துண்டாக நான்கு அனுப்பியிருந்தாய். நானோ பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு வருஷம் வால்வு திறந்தவன். எல்லாத் தெருவுக்கும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் எந்தத் தெருவுக்கும் தண்ணீர் ஏறாது என்பது எனக்குத் தெரியும். அதனால் முறைப்படி பிரித்தேன். முதலாவது சாலவாக்கத்துக்கு, இரண்டாவது திருமுக்கூடலுக்கு, மூன்றாவது நம் ஊருக்கு. எல்லாம் ஒரே பாட்டுதானே, வார்த்தைகூட ஒன்றுதான். நாலாவது திறக்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊர் மூன்று, பாட்டு எதற்கு நான்கு? கை தவறி ஒன்றை இரண்டு தடவை அனுப்பிவிட்டாய் என்று விட்டுவிட்டேன். உன் கைத்தவறை நான் யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்.

சாலவாக்கத்தில் நடவு ஆட்களைக் கூட்டிப்போகிற ஜெயம்மாள் இருக்கிறாளே, அவள் போனை ஒரு மஞ்சள் பையில் போட்டு வரப்பில் வைத்துவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தப் பாட்டையே ஓடவிட்டு நாற்று நட்டாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சர்ச்சுக்கு வருகிறவர்கள், பாதிப் பேர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். சேற்றில் இறங்கின பிறகு எல்லாருக்கும் ஒரே பாட்டு. கூழ் ஊற்றுகிற அம்முலுதான் இன்றைக்கு அந்தக் குழுவிலேயே நல்ல குரல். நிலத்துக்காரர் முத்துகிருஷ்ணன் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, "இன்னா ஐசக்கு, உங்க பாட்டு இம்மாம் மெதுவா கீது? ஒரு வரி முடியறதுக்குள்ள நாலு நாத்துதான் நடறாங்கோ. கொஞ்சம் வெரசா போற பாட்டா குடுக்கக் கூடாதா?" என்று சண்டைக்கு வந்தார். ஜெயம்மாள் அவரிடமே, "பாட்டு மெதுவாத்தான் போவும் ஐயா, நாத்து நேரா நிக்குதா பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் அந்த மனுஷரே பைக்கில் அதை முணுமுணுத்துக்கொண்டு போனதை நான் என் காதால் கேட்டேன். திருமுக்கூடலில் ஆல்பர்ட் மேஸ்திரி, சாரத்தில் நின்று சுவர் பூசிக்கொண்டே தன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களுடையது அடித்தொண்டையில் ஒரே இடத்தில் நின்று நகராமல் உறுமுகிற பாட்டாயிருந்தது. ஆற்றங்கரைக் காற்றில் எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும் என்று நான் மிளகுக் கஷாயம் சொல்லி அனுப்பினேன். நம் ஊர்க் குழுவுக்கு நானே சர்ச் வராந்தாவில் சொல்லிக்கொடுத்தேன். அது இரண்டுக்கும் நடுவில் போகிற நல்ல பாட்டு.

இதற்கிடையில் மேய்ப்பன் வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்று உங்கள் டைரக்டர் கேட்டார். மேய்ப்பனுக்கு நிஜ மேய்ப்பனே இருக்கும்போது வேஷக்காரன் எதற்கென்று, ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் முனியனைப் பிடித்தேன். அவன் கதையைக் கேட்டுவிட்டு, முடியாது என்றான். "தொண்ணூத்தொம்போது ஆட்ட அம்போன்னு வுட்டுட்டு ஒண்ணத் தேடிப் போறதா? திரும்பி வந்து பாத்தா மீதிய நாய் கட்ச்சிப் போட்டிருக்கும். இன்னா நைனா கதை இது? எந்த ஆட்டுக்காரனும் ஒத்துக்க மாட்டான்." நான் வேதம் சொன்னேன், போதகர் வந்து விளக்கம் சொன்னார், அவன் அசையவில்லை. மூன்றாம் நாள் அவனாகவே யோசித்துக்கொண்டு வந்தான். "நைனா, காணாமப் போனது மணி கட்ன ஆடுன்னு வெச்சிக்கோ. அது இல்லன்னா மீதி எதுவும் நின்ன எடத்த வுட்டு நகராது. வூடு வந்து சேராது. அப்பன்னா தேடித்தான் ஆவணும். அப்பிடி இருந்தா நான் நடிக்கறேன்." சரி என்று அவனுடைய ஆட்டுக்கே ஒரு மணி வாங்கிக் கட்டினேன். அந்த ஆடு இப்போது என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. காணாமற்போகவேண்டிய காட்சியில் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை நான் சனிக்கிழமைக்குள் சரிபண்ணிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூன்று ஊரையும் முதல்தடவையாக ஒன்றுசேர்த்து நிறுத்தினேன். பாடச் சொன்னேன். மூன்று ஊரும் மூன்று விதமாகப் பாடியது. நான் கையைத் தட்டி நிறுத்தினேன். ஜெயம்மாள் ஆல்பர்ட் பக்கம் திரும்பி, "இன்னா மேஸ்திரி, பாட்டா இது? கெணத்துல வுயுந்தவன் கூப்புடற மாதிரி கீது" என்றாள். ஆல்பர்ட், "நாங்க போன்ல வந்தத வந்த மாதிரியே பாடறோம். நீங்கதான் சேத்துல நின்னுகினு இஷ்டத்துக்கு மேல ஏத்திட்டீங்கோ" என்றார். உடனே அம்முலு, "நீ ஒரு மாசம் குனிஞ்சி நட்டுக்கினே பாடிப் பாரு, அப்பால தெரியும்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். நம் ஊர்க்காரர்கள் அந்த இரண்டு ஊருமே தப்பு என்றார்கள். நான் உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கும் நம் ஊர்தான் சரி என்று பட்டது, அதையும் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். திருமுக்கூடல்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட வாங்காமல் பஸ் ஏறப் போய்விட்டார்கள். சுகிர்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப் போய்ப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

போதகர் பயந்துபோய் உங்கள் டைரக்டருக்குப் போன் பண்ணினார். அவர் என்ன பாட்டு, எப்படிப் பாடினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "கவலப்படாதீங்க ஐயா, எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். பெட்டில எங்க ஆளுங்க பாடுன பாட்ட போட்டுடுவோம், உங்க ஜனங்க வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்றாராம். நீ பக்கத்தில் நின்றுகொண்டு "சரிண்ணா" என்றாயாம். மச்சான், அந்தச் "சரிண்ணா" எனக்குச் சோறு இறங்காமல் பண்ணிவிட்டது. அன்று சாயங்காலம் உனக்குப் போன் பண்ணி நான் என்ன பேசினேன் என்பது எனக்கே முழுதும் ஞாபகமில்லை. நீ "மாமா, ஒரு நிமிசம், அந்த நாலாவது..." என்று என்னமோ இழுத்தாய். நான் வைத்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பாய். நம் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு அடுத்தவன் நிலத்தில் வேலை செய்தவர்கள். உன் அப்பா அப்படித்தான், என் அப்பாவும் அப்படித்தான். பேசினால் தப்பு, நிமிர்ந்தால் தப்பு என்று இருந்தவர்களுக்குச் சத்தம்போட ஓர் இடம் கிடைத்தது என்றால் அது சர்ச்சில் பாடுகிற இடம்தான். அந்த இடத்திலும் வந்து நின்று, உன் வாயை நீ அசை, சத்தம் நாங்கள் போடுகிறோம் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. தப்பாகப் பாடினாலும் அது எங்கள் தப்பாக இருக்கட்டும். ஜெயம்மாளிடம் போய் நீ வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. உனக்கு இருந்தால் நீ சொல்லிப் பார்.

ஆகவே நேற்று சாலவாக்கத்துக்கும் திருமுக்கூடலுக்கும் நானே பஸ் ஏறிப் போனேன். நம் ஊர்தான் சரி என்று சொன்னதற்கு இரண்டு இடத்திலும் மன்னிப்புக் கேட்டேன். முழங்காலை வைத்துக்கொண்டு ஆல்பர்ட் நின்ற சாரத்தில் இரண்டு படி ஏறிக்கூடக் கேட்டேன். சாயங்காலம் எல்லாரும் நம் சர்ச்சுக்கு வந்தார்கள். ஆனால் தங்கள் பாட்டை மாற்றிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். ஒரு மாதம் வேலையோடு வேலையாக உடம்பில் ஏறின பாட்டை நாலு நாளில் எப்படி இறக்குவது? "அப்படியானால் மூன்று ஊரும் அவரவர் பாட்டை அவரவர் பாடுங்கள், நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பெட்டி வந்துவிடும்" என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். பாடினார்கள். மச்சான், அது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றுக்கொன்று இடிக்கவே இல்லை. ஆல்பர்ட் கீழே பிடித்துக்கொண்டார், ஜெயம்மாள் மேலே போனாள், நம் ஆட்கள் நடுவில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்தான் பாதியில் நிறுத்திக் கெடுத்திருக்கிறேன். முடிந்ததும் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது, குழம்பில் புளி விட மறந்தமாதிரி இருக்கிறது என்று சுகிர்தா மட்டும் சொன்னாள். அவளுக்கு எதிலும் குறை சொல்லாமல் முடியாது, அது உங்கள் குடும்ப வழக்கம்.

ஆகையால் இதுவே கடைசி வார்த்தை. பெட்டி வரவேண்டாம், நீயும் வரவேண்டாம். டைரக்டரிடம் நான் சொன்னதாகச் சொல்லு. நிஷாவுக்கு எங்கள் அன்பு, குழந்தைக்கு ஆயிரம் முத்தம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சனிக்கிழமை வரத்து மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாய் அசைக்காமல் வாய் திறந்து பாடும்
உன் மாமா ஐசக்.

பின்குறிப்பு: மச்சான், கவரை ஒட்டப் போன சமயம். என் போனில் இடமே இல்லை என்று உன் அக்காள் குட்மார்னிங் படங்களையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "எய்தி முடிச்சிட்டியா? ஒட்றதுக்கு முன்ன இத்த கேளுய்யா" என்று போனை என் காதில் வைத்தாள். இடம் கிடைத்ததும் அந்த நாலாவது திறந்துவிட்டது, உன் குரல். "மாமா, கடைசியா வர்றதுதான் பாட்டோட மெட்டு. முன்ன அனுப்புன மூணும் இது கூடச் சேந்து தொணைக்குப் பாடறது. நாலையும் எல்லா ஊருக்கும் போட்டுக் காட்டுங்க. மெட்டு இல்லாம பாடிடப் போறாங்க." அதற்குப் பிறகு நீ பாடியிருக்கிறாய். சுகிர்தா அதன்கூடவே நம் ஊர்ப் பாட்டைப் பாடினாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக மூன்று ஊரும் சேர்ந்து, எவனும் கேட்காத ஒரு மெட்டுக்குத் துணை பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். வால்வை மூடி வைத்தவன் நான். ரொம்ப வெட்கமாக இருக்கிறது. ஜெயம்மாளுக்கும் ஆல்பர்ட்டுக்கும் உடனே போனில் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். "நல்லாத்தான் கீது. ஆனா எங்க பாட்ட மாத்த மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்" என்கிறாள் ஜெயம்மாள். ஆல்பர்ட்டும் அதேதான். ஆட்டை ஓட்டிப்போக வந்த முனியன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மணி கட்ன ஆட்ட வுட்டுட்டு மீதிய ஒரு மாசமா மேச்சினு இருந்தியா நைனா?" என்று கேட்டான். மறுபடி பேனாவை எடுத்தேன். ஆகையால் மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள், திரும்ப எழுதக் காகிதம் இல்லை. பெட்டி வேண்டாம், அது மட்டும் அப்படியே இருக்கட்டும். நீ வா. சனிக்கிழமை வரை காக்காதே, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வா. மெட்டைப் பாட இங்கே ஆள் இல்லை, நீதான் சொந்தத் தொண்டையில் பாடவேண்டும். உன் அக்காள் கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள், இந்தத் தடவை புளி விட்டு. வந்து உட்கார்ந்து எத்தனை நிமிஷம் வேண்டுமானாலும் பேசு, நான் வாயே திறக்க மாட்டேன்.